கேடயவாற் பாம்பும் நம் கடமையும்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம்மவர் வாக்கு. அந்நடுக்கம் காரணமற்றது என்று சொல்ல நாம் துணியோம். நம் நாட்டில் 2000 முதல் 2019 வரையுள்ள இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் மாண்டோர் ஏறக்குறைய 12 இலட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர் 2020-இல் கணக்கிட்டு வெளியிட்டனர். அவருள் பெரும்பாலார் நாட்டுப்புறத்துக் குடியானவர். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து மக்காச்சோளக் கொல்லையிலும் பருத்திக் காட்டிலும் இரவில் நீர் பாய்ச்சச் செல்வோன் அஞ்சி அஞ்சி அடிவைக்கின்றான் எனின், அவனை நகைப்பது விளக்கொளியில் வீட்டிலிருப்போர்க்கு அழகன்று.

ஆயினும் அச்சம் வேறு, அறியாமை வேறு. அவ்விறப்புகளுள் மிகப் பலவற்றிற்குக் காரணமானவை நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நால்வகைப் பாம்புகளே. இந்நான்கினையும் கண்டு தெளியக் கற்றவன் தன் உயிரையும் காத்துக்கொள்வான். பிற உயிர்களையும் வீணே மாய்க்கான். கல்லாதவனோ நெளிவன யாவும் நஞ்சென்று கொண்டு, கையிலகப்பட்ட தடியால் எல்லாவற்றிற்கும் ஒரே தண்டனை விதிக்கின்றான். குற்றமேதும் செய்யாமல் அத்தண்டனைக்கு ஆளாகும் பிராணிகளுள், மலைக்காட்டு மண்ணுக்குள்ளேயே பிறந்து, அதனுள்ளேயே இரைதேடி, அதனுள்ளேயே மடியும் ஒரு சிறு பாம்பினைக் குறித்தே ஈண்டு எழுதப் புகுந்தோம். அதற்குக் கேடயவாற் பாம்பு என்று பெயர்.

இப்பாம்புக் குடும்பத்தில் ஐம்பதிற்கு மேற்பட்ட இனங்கள் உள. தென்னிந்தியத் தீபகற்பமும் இலங்கையும் அன்றி உலகில் வேறெங்கணும் இவை இல்லை. பெரும்பாலன ஒரு சாணுக்கும் ஒரு முழத்திற்கும் இடைப்பட்ட நீளமுடையன. தலை சிறுத்துக் கூர்ந்து உழுமுனை போன்றிருக்கும். கண்கள் கடுகளவாய்ச் செதிலின்கீழ் ஒடுங்கிக் கிடக்கும். உடலோ வழவழப்புற்று, வெயில் படுங்கால் வானவில்லின் நிறங்களைக் காட்டும். ஈர மண்ணினின்று எடுத்தாலும் உடலில் மண் ஒட்டியிராது. வாலின் கதை வேறு. சாய்வாக வெட்டி எடுத்தாற்போல முடியும் அதன் நுனியில், சொரசொரப்பான தடித்த கேடயம் ஒன்று அமைந்திருக்கும். சில இனங்களில் அது குமிழ்போற் குவிந்து சிறு முட்கள் நிறைந்திருக்கும். உடலில் ஒட்டாத மண் அவ்வாலில் மட்டும் அப்பிக்கொள்ளும். பாம்பு வளையினுள் முன்னேறிச் செல்லுங்கால், அம்மண்ணப்பிய வாலே பின்னால் வரும் பகைக்கு அடைத்த கதவாகின்றது. கலவரமுற்ற போது தலையைச் சுருளுக்குள் மறைத்து வாலை வெளிக்காட்டும். அதைக் கண்டோர் எது தலை, எது வால் என்று மயங்கி, இருதலைப் பாம்பு என்று கூவுகின்றனர். அம்மயக்கத்தால் விளையும் கேடு பின்னர்ச் சொல்லப்படும்.

கையோ காலோ மண்வெட்டியோ இன்றி இச்சிற்றுயிர் எங்ஙனம் மண்ணைத் துளைக்கின்றது? காரல் கான்ஸ் என்னும் அமெரிக்கப் பிராணிநூல் வல்லுநரும் அவர்தம் துணைவர் இருவரும் இதனை ஆராய்ந்து 1978-இல் எழுதியுள்ளனர். பாம்பின் முற்பகுதித் தோல் தளர்ந்த உறைபோன்றது. அதனுள்ளே முதுகெலும்பு வளைந்து மடிய, அவ்விடத்தில் உடல் பருத்து வளையின் சுவரில் இறுகப் பற்றுகின்றது. அப்பற்றினை ஆதாரமாகக் கொண்டு வளைவு நிமிர, கூரிய தலை மண்ணுள் ஊன்றிச் செலுத்தப்படுகின்றது. இவ்வேலை முழுவதும் உடலின் முற்பகுதிக்கே உரியது. அங்குள்ள தசை, களைப்பின்றி நெடுநேரம் உழைக்கத் தக்கதாய்ச் செந்நிறம் பெற்றிருக்க, பிற்பகுதித் தசை வெளிறியிருக்கின்றது. முன்னே இயந்திரம் இழுக்கப் பின்னே பெட்டிகள் தொடரும் சரக்குப் புகைவண்டியை அவர்கள் இதற்கு உவமை காட்டினர். உவமை மிகப் பொருத்தமே. இப்புகைவண்டி தன் பாதையையும் தானே குடைந்து செல்கின்றது என்பதை மட்டும் நாம் கூட்டிச் சொல்வோம்.

இதன் உணவு பெரும்பாலும் மண்புழு. முட்டையிடாது, சில குட்டிகளை ஈனும். நஞ்சு கிடையாது. கையிலெடுத்தால் விரலிற் சுற்றிக்கொண்டு, விரலிடுக்கையே வளையென்று எண்ணித் தலையைப் புகுத்த முயலுமேயன்றிக் கடிக்க எண்ணாது. மழைக்காலத்தில் இரவிலோ விடியலிலோ மண்ணின் மேற்பரப்பிற்கு வரும். மனிதர் கண்ணிற் படுவதும், வண்டிச் சக்கரத்தில் அகப்படுவதும் பெரும்பாலும் அப்பொழுதே.

இனி இதற்குப் பெயரிட்ட வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1829-இல் பிரான்சு தேசத்துக் குவியே என்னும் பேரறிஞர் ஒரு கேடயவாற் பாம்பினுக்கு இலங்கையின் பெயரைச் சூட்டினார். அப்பாம்பு இலங்கையில் வாழ்வதே இல்லை. அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையினது. மண்ணுக்குள் வாழ்வதன் ஊரைக் கண்டுபிடித்தல் அத்துணை அரிது போலும்! பின்னர், சென்னை மாகாணத்துக் காட்டிலாகாவில் உயர்பதவி வகித்த பெட்டோம் என்னும் ஆங்கிலேயர் (1830–1911) மலைதோறும் அலைந்து, இவற்றுள் பல இனங்களை முதன்முதல் விவரித்தார். சேர்வராயன் மலையிற் கிடைத்த ஒன்றினை 1863-இல் தனியினம் என அவர் எழுதிவைத்தார். பிற்காலத்து நூலோர் அதனைக் குவியேயின் இனத்துள் அடக்கிவிட, நெடுங்காலம் அப்பெயர் வழக்கிழந்து கிடந்தது. 2014-இல் நம் தமிழ்நாட்டு ஆராய்ச்சியாளர் அதனை மீண்டும் தனியினமாக நிலைநாட்டினர்.

நமக்கு இன்னும் அண்மையில் நிகழ்ந்தவை இரண்டு. 2013-இல் ஏங்கல்ஸ், கணேஷ் என்னும் இருவர் நாமக்கல் மாவட்டத்து மலைகளினின்று ரைனோபிஸ் கோவரி என்னும் புதிய இனத்தை வெளியிட்டனர். இச்சாதிப் பாம்புகளுட் பெரும்பாலன இலங்கையில் உள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையிற் சில உள. கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் ஒன்றுண்டு என்பது அன்றே உலகிற்குத் தெரிந்தது. 2020-இல் கணேஷும் அச்சுதனும் கொல்லிமலையினின்று மற்றொரு புதிய இனத்தை விவரித்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் யூரோபெல்டிஸ் ராஜேந்திரனி என்பது.

இந்த ராஜேந்திரன் யாவர்? பாளையங்கோட்டைத் தூய யோவான் கலாசாலையில் பிராணிநூல் கற்பித்த எம். வி. ராஜேந்திரன் (1916–1993) அவர்களே. பாம்புகளை, அவற்றுள்ளும் சிறப்பாகக் கேடயவாற் பாம்புகளை, தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டவர். அவ்வாராய்ச்சி 1985-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக வெளியீடாக நூலுருப் பெற்றது. மிஷன் கலாசாலை ஒன்றின் ஆசிரியர் தாம் பணிபுரிந்த இடத்தை விட்டகலாமல், அருகிருந்த மலைகளின் மண்ணைப் பொறுமையுடன் நோக்கி நோக்கிப் பெற்ற அறிவு, அவர் மறைந்து இருபத்தேழு ஆண்டுகள் கழிந்தபின் ஒரு பாம்பின் பெயரிலே நிலைபெற்றது. ஊர்ச்சதுக்கத்துச் சிலைகளிலும் இப்பெயர் மேலானது என்பது எம் துணிபு. சிலைக்குக் காக்கை உண்டு. இதற்கு அதுவும் இல்லை.

மலைக்கு மலை இனம் வேறுபடுவானேன் என்று மாணாக்கர் வினவலாம். கேடயவாற் பாம்பிற்குக் குளிர்ந்த, ஈரம் மாறாத, இலைமட்கு நிறைந்த மண் வேண்டும். அத்தகைய மண் மலைமேல் உண்டு; வெயில் காயும் சமவெளியில் இல்லை. சேர்வராயன் மலையினின்று கொல்லிமலைக்கு நாம் பேருந்தில் அரைநாளிற் சென்று விடுகின்றோம். இப்பாம்பிற்கோ இடைப்பட்ட வெளி கடல் போன்றது. கடல் நடுவே தனித்தனித் தீவுகளில் சிறைப்பட்ட மக்கள் காலப்போக்கில் மொழியும் முகமும் வேறாவதுபோல, இவையும் பன்னெடுங்காலத்தில் வேறுவேறு இனங்களாய்ப் பிரிந்தன. ஆகவே ஒரு மலையின் மண் கெட்டால், அம்மலைக்கே உரிய இனம் அடுத்த மலைக்குக் குடிபெயர்ந்து பிழைக்கமாட்டாது. புலி ஒரு காட்டில் அற்றுப்போனால் வேறொரு காட்டினின்று கொணர்ந்து விடலாம். அங்ஙனம் செய்தும் இருக்கின்றனர். இச்சிறு பாம்பிற்கு வேறு காடு இல்லை.

கொல்லிமலைக்குக் கிழக்கே, துறையூர், தம்மம்பட்டிப் பக்கத்துச் சமவெளியைக் கடந்தால் எதிர்ப்படுவது பச்சைமலை. பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி, சேலம் என்னும் மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடக்கும் இம்மலை, நம் கலாசாலைக்கு வரும் பெரம்பலூர் மாணவர் பலர்க்கு வீட்டு வாசலினின்றே தோன்றுவது. லாடபுரத்து மயிலூற்று அருவியிலும், கோரையாற்று அருவியிலும் மழைக்காலத்தில் நீராடி மகிழாதார் அவருட் சிலரே. சேர்வராயனுக்கு ஓரினமும் கொல்லிமலைக்கு ஓரினமும் தனியே உண்டெனின், அவற்றின் உடன்பிறப்பாகிய பச்சைமலையின் மண்ணை நாம் எத்துணை மதிப்புடன் மிதிக்க வேண்டும்! அருவியைக் காணச் செல்வோர் அங்குள்ள பாறைமேல் தம் பெயரை வண்ணத்தால் எழுதி மீள்கின்றனர். பாறைக்குக் கீழே என்ன இருக்கின்றது என்று ஒருவரும் குனிந்து நோக்குவதாகக் காணோம்.

மண்ணுக்குள் இருப்பதை மதிக்க நம் பக்கத்தார் அறியாதவர் என்றும் சொல்வதற்கில்லை. சாத்தனூரில் ஏறக்குறைய அறுபதடி நீளமுள்ள கல்மரம் ஒன்று வேலியிட்டுக் காக்கப்படுகின்றது. நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதனை உலகிற்கு அறிவித்தார். அரியலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புப் பாறையில் பழங்கடற் சங்குகளும் சிப்பிகளும் மலிந்துள்ளன. கல்லமேட்டிலே கிடைத்த பேரெலும்புகளைக் கொண்டு, உலகின் மாபெரும் விலங்குகளுள் ஒன்று இங்கு வாழ்ந்ததென 1987-இல் யாதகிரி, அய்யாசாமி என்னும் இருவர் எழுதினர். அவ்வெலும்புகள் பின்னர்ப் பொடிந்து போயின என்பது வேறு வருத்தம். இவற்றைச் சொல்லி நாம் பெருமை கொள்கின்றோம், கொள்ளத்தக்கதே. ஆயின் இறந்து கல்லானதற்கு வேலியிடும் நாம், அதே மண்ணில் இன்றும் உயிரோடு ஊர்வதற்கு மண்வெட்டியின் பின்புறத்தைக் காட்டுவது எவ்வகை நியாயமோ அறியோம்.

இனி, மேலே குறித்த இருதலை மயக்கத்திற்கு வருவோம். நம் சமவெளியில் மண்ணுளிப் பாம்பு என்று வேறொன்று உண்டு. அதுவும் நஞ்சற்றது, மண்ணிற் புதைந்து வாழ்வது, எலியைத் தின்று உழவனுக்கு உதவுவது. அதன் வால் தலைபோல் மழுங்கியிருத்தலால் அதனையும் இருதலைப் பாம்பென்பர். அதனை வீட்டில் வைத்தால் செல்வம் பெருகும் என்றும், எடை மிகுந்தால் வெளிநாட்டார் இலட்சக்கணக்கில் விலை தருவர் என்றும் வஞ்சகர் சிலர் பரப்பிய கட்டுக்கதையை நம்பிக் கைப்பொருள் இழந்தோர் பலர். சிறை சென்றோரும் உளர். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனைப் பிடிப்பதையும் விற்பதையும் தடுக்கின்றது. கட்டுக்கதைக்கோ சட்டம் தெரியாது. பெயர் ஒன்றாயிருத்தலால், மலைமேல் அகப்படும் கேடயவாற் பாம்பும் இருதலையென்று கருதப்பட்டுப் பேராசைக்காரர் சாக்கினுள் புகக்கூடும். அச்சத்தால் கொல்வோனிடம் அறிவு சொல்லித் திருத்தலாம்; ஆசையால் பிடிப்போனிடம் அது எளிதன்று. ஆதலின் இவ்விரண்டனுள் ஆசையையே நாம் பெரிதும் அஞ்சுகின்றோம்.

எனினும் தடியும் சாக்கும் தனித்தனிப் பாம்பைக் கொல்வன. மண் கெடுதல் இனத்தையே கொல்வது. கொல்லிமலையில் முன்னாளிற் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்கள் பலவற்றில் இன்று மரவள்ளி விளைகின்றது. கீழேயுள்ள சவ்வரிசி ஆலைகள் அதனை விலைக்கு வாங்குகின்றன. பச்சைமலையிலும் மரவள்ளியும் முந்திரியும் பரந்துள்ளன. சரிவான நிலத்திற் கிழங்கைத் தோண்டியெடுக்கும்போதெல்லாம் மேல்மண் இளகுகின்றது. அடுத்த மழை அதனை அடித்துச் செல்கின்றது. எஞ்சிய மண் வெயிலிற் காய்ந்து இறுகுகின்றது. மண்புழுவிற்கே இடமில்லாத மண்ணில் அதனைத் தின்னும் பாம்பிற்கு ஏது வாழ்வு?

இதனைக் கேட்டு, மலைவாசிகளை இறக்கிவிட்டு மலையைச் சுற்றி வேலியிடுக என்று சொல்வோர் சிலர் உண்டு. அக்கருத்தை நாம் முற்றும் மறுக்கின்றோம். அம்மலைகள் மலையாளி மக்களின் பிறந்தகம். மேலும், பலாவும் சில்வர் ஓக்கும் நிழல் தர, அதன்கீழ்க் காப்பியும் மிளகும் வளரும் தோட்டங்களில் இலை உதிர்ந்து மட்கி, மண் ஈரம் மாறாதிருக்கின்றது. கேடயவாற் பாம்புகள் அத்தகைய தோட்டங்களிலும் வாழ்கின்றன. மனிதன் இருப்பதனால் இவற்றிற்குக் கேடில்லை. நிழலை வெட்டுவதனாலேயே கேடு. எனவே மரவள்ளியினின்று நிழற்றோட்டத்திற்கும் பழைய சிறுதானியத்திற்கும் மீள விரும்பும் மலைவாசிக்கு, இடையில் வருவாய் குன்றும் ஆண்டுகளில் அரசாங்கம் கைகொடுக்க வேண்டும். வேலிக்குச் செலவாகும் பணம் அதற்காகட்டும்.

“உண்ண உணவின்றி மக்கள் வாடும் நாட்டில், ஒரு சாண் பாம்பிற்கு இத்துணைப் பேச்சா?” என்று நம் பூர்வ மாணவர்களுள் ஒருவரேனும் இதனைப் படித்துக் கேட்பார். அவர்க்கு விடை மேலே சொன்னவற்றிலேயே உளது. பாம்பு வாழத்தக்க மண்ணே சாமை விளையத்தக்க மண். மழைநீரை உறிஞ்சி வைத்து அருவியை மார்கழி கடந்தும் ஓடச்செய்யும் மண். ஆயினும் நமக்கு யாதொரு பயனும் இன்றெனினும், இப்பாம்பினை மாய்க்க நமக்கு உரிமை எங்கிருந்து வந்தது என்பதை அவரே சொல்வாராக. பயனுடையதே வாழ்க என்பது வணிகர் கணக்கு. கலாசாலையிற் பயின்றோர் அக்கணக்கோடு நின்றுவிடுதல் தகாது.

நம் பிராணிநூல் வகுப்புகளைப் பற்றியும் ஒரு சொல். நாகத்தின் மண்டையோட்டையும் நச்சுப் பல்லையும் படம் வரைந்து பாகம் குறிக்க மாணாக்கர் நன்கு கற்கின்றனர். தம் ஊர்க்கொல்லையில் ஓடுவது சாரையா நாகமா என்று சொல்லத் திகைப்பவரும் அவருள் இருக்கின்றனர். மண்புழுவின் உடலமைப்பைக் கற்பிக்கும் வகுப்பில், அம்மண்புழுவையே நம்பி வாழும் பாம்புக் குடும்பம் ஒன்று நம் மலைகளில் உண்டு என்று சொல்ல ஐந்து நிமிடம் போதும். அவ்வைந்து நிமிடத்தை ஆசிரியர்கள் அருளவேண்டும்.

மாணாக்கர் செய்யத்தக்கது இதனிலும் எளிது. ஐப்பசி மழை தொடங்கியபின் பச்சைமலைப் பாதைகளிற் செல்வோர், சாலையில் நசுங்கிக் கிடப்பதாயினும் சரி, உயிரோடு ஊர்வதாயினும் சரி, கேடயவால் கொண்ட பாம்பினைக் கண்டால் கையாற் பிடியாமல் தலை, வால், முதுகு, வயிறு தோன்றுமாறு நிழற்படம் எடுத்து, இடத்தையும் நாளையும் நேரத்தையும் குறித்து, பிராணிநூற் பகுதியில் ஒப்படைக்கலாம். உயிரோடிருப்பதன் வயிறு தானே தெரிந்தாலன்றி அதனைப் புரட்டுதல் கூடாது. கல்லையோ கட்டையையோ புரட்டிப் பார்ப்பதும் பிடித்து ஆராய்வதும் வனத்துறையின் அனுமதி பெற்ற ஆசிரியருடன் மட்டுமே செய்யத்தக்கன. புரட்டிய கல்லை இருந்தபடியே திரும்ப வைத்தல் வேண்டும். இக்குறிப்புகளுக்கென ஒரு தனி ஏடு இவ்வாண்டே தொடங்கப்படுமாக. பாம்பை முதலிற் கண்டு காட்டியவர் மலைவாசி ஒருவராயின், அவர் இசைவு பெற்று அவர் பெயரையே அவ்வேட்டில் முதலில் எழுதுக. மாணவர் பெயர் அதன்கீழ் வரலாம்.